லூர்து அண்ணன் விற்ற நாற்பது மாடுகள்

லூர்து அண்ணன் போன வியாழக்கிழமை காலையில் மாரடைப்பில் இறந்துபோனார். மாடுகளுக்குத் தண்ணீர் திறந்துவிடப் போனவர் தொட்டிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா எனக்குத்தான் முதலில் போன் பண்ணினார். "சுடல, அண்ணன் போயிட்டாரு. மாடெல்லாம் கத்திக்கிட்டு நிக்குது, எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். அண்ணனும் நானும் பேச்சை நிறுத்தி நான்கு வருஷம் ஆகியிருந்தது. அழுகை வரவில்லை. ஆலன் ஊரில் நான் நடத்தும் கேஸ் ஸ்டேஷனை, அதாவது பெட்ரோல் பங்க்கை, வேலைக்கு நிற்கும் பையனிடம் விட்டுவிட்டுக் கிளம்பிப் போய் மாடுகளுக்குத் தண்ணீர் விட்டேன்.

டாலஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு அவரை நாகர்கோவில்கார மாட்டு டாக்டராகத் தெரியும். ஒரு வருஷம் காப்பெல்லில் நடந்த பொங்கல் விழாவுக்கு டிரெயிலரில் ஒரு கன்றைக் கொண்டுவந்தார். சர்ச்சுக்குப் போகிற மனிதர், கன்றுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டு நிறுத்தினார். வரிசையில் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண், "அங்கிள், வாட்ஸ் ஹிஸ் நேம்?" என்று கேட்டாள். "டியூஸ்டே" என்றார். பெரியவர்கள் சிரித்தார்கள். நாங்கள் கன்று விற்கிற மாட்டு ஏலம் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். யாருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லி அனுப்புவதில் அவர் கெட்டிக்காரர். என்னிடமும் ஒருநாள் அதைச் செய்வார் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

தொண்ணூற்று மூன்றில் நாங்கள் மாட்டுத் தொழிலில் இறங்கினோம். அவர் நிலத்தில் அவருக்கு நாற்பது பசு, இருபது மைல் தள்ளி நான் லீஸுக்கு எடுத்த நிலத்தில் எனக்கு நாற்பது. கன்று ஈனவைத்து, ஏழெட்டு மாதம் தாயோடு மேயவிட்டு, ஏலத்தில் கொடுப்போம். வாங்குகிறவர்கள் அதை மக்காச்சோளம் போட்டுக் கொழுக்கவைத்து இறைச்சிக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். ஒரே அளவில் நிறையக் கன்றுகள் சேர்ந்து இறங்கினால் விலை கூடும் என்பதால், விற்றால் சேர்ந்துதான் விற்பது என்று பேச்சு. எழுதிக்கொள்ளவில்லை. நான் வள்ளியூர், அவர் நாகர்கோவில். "நமக்குள்ள எதுக்குடே பேப்பர்?" என்றார். எனக்கும் அது பெருமையாக இருந்தது. கேஸ் ஸ்டேஷனுக்குப் பால் போடுகிறவனிடம்கூடக் கையெழுத்து வாங்குகிற நான், அவரிடம் வாங்கவில்லை.

முதல் வருஷம் நன்றாகப் போனது. அப்புறம் கன்று விலை இறங்கியது. இறைச்சிக் கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கி நாலைந்தாகிவிட்டன. ஏலத்தில் பத்துப் பேர் கேட்ட இடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தொண்ணூற்றாறில் மக்காச்சோள விலை எங்கேயோ ஏறியது. தீனிச் செலவு ஏறினால் கன்று விலை இன்னும் கீழே போகும். அதே வருஷம் டெக்சாஸில் மழை இல்லை. ஏப்ரலிலேயே புல் காய்ந்துவிட்டது. காய்ந்த புல் உருண்டை ஒன்று முந்தின வருஷத்தைப்போல இரண்டு மடங்கு விலை விற்றது.

"அண்ணே, எல்லாரும் லாரில ஏத்துறதுக்கு முந்தி நாம பசுவ வித்துரலாம்" என்றேன்.

"பொறுடே. மழை வரும். இப்ப வித்தா அடுத்த வருஷம் கன்னுக்கு எங்க போவ?" என்றார்.

மாட்டைப் படித்தவர் சொல்கிறார் என்று பொறுத்தேன். கடன் வாங்கிப் புல் போட்டேன். மே போனது, ஜூன் போனது. ஜூலையில் இனி முடியாது என்று லாரி பிடித்து ஏலக்கூடத்துக்குப் போனால், வாசலுக்கு வெளியே ஒரு மைல் தூரத்துக்கு டிரெயிலர்கள் நின்றன. எடை போடுகிற கிழவர் என்னைப் பார்த்து, உன் பார்ட்னர் மே மாதமே நாற்பதையும் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டாரே, நீ ஏன் இவ்வளவு லேட் என்று சாதாரணமாகக் கேட்டார். என் பசுக்கள் அன்றைக்கு அண்ணன் வாங்கிய விலையில் பாதிக்குப் போயின.

அங்கிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீயும் அதே வாரம் ஏத்தியிருப்ப. கன்னு மாதிரி இல்ல, மழையில்லாத வருஷத்துல எம்பது பசு ஒண்ணா எறங்குனா அந்த மூணு பேரும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துருப்பானுவ. ரெண்டு பேரும் போயிருப்போம். ஒருத்தனாவது தப்பிக்கணும்லா."

"அந்த ஒருத்தன் நீங்கதான்னு யாரு முடிவு பண்ணுனது?"

"நான்தான்."

ஸ்டெல்லா அக்கா கொண்டுவந்த டீயை மேஜையில் வைக்காமல் அப்படியே திரும்பிப் போனார்.

அவர் முந்திக்கொண்டது குற்றமில்லை. நானும் வியாபாரி, நல்ல விலை வந்தால் நானும் கொடுப்பேன். விற்ற பிறகும் வாராவாரம் போன் பண்ணி, "பொறு, மேகம் கட்டுது" என்று என் மாடுகளை ஏலத்துக்கு வரவிடாமல் நிறுத்திவைத்தாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கேஸ் ஸ்டேஷனில் பாதியை வேறொருவருக்கு எழுதிக்கொடுத்தேன். வீட்டை விற்றுவிட்டு மூன்று வருஷம் அபார்ட்மெண்டில் இருந்தோம். அவரோ அடுத்த வருஷம், எல்லோரும் கையைச் சுட்டுக்கொண்டு ஒதுங்கியிருந்தபோது, இளம் பசுக்களாகப் பார்த்து அடிவிலையில் வாங்கிப் போட்டார். இப்போது விலை ஏறியிருக்கிறது. அவர் கணக்கு சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டார். மாடுகளை விலைக்குக் கேட்டு இரண்டு தரகர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவன் பசுவும் கன்றுமாக ஜோடிக்கு ஐந்நூறு டாலர் சொல்லியிருந்தான். உண்மையைச் சொல்கிறேன், வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது நானும் ஒரு விலையை மனதில் வைத்திருந்தேன். அது ஐந்நூறுக்கும் கீழே.

"அவர் உங்களுக்குச் செஞ்சது எனக்குத் தெரியும் தம்பி. நீங்க சொல்லுத வெலைக்குத் தாறேன்" என்றார் அக்கா.

வேலிக்குள் போய் ஒரு மணி நேரம் சுற்றினேன். பல், குளம்பு, மடி. ஒரு கிழட்டுப் பசு இல்லை, நொண்டி இல்லை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொழுகொழுவென்று கன்று. இப்படிப் பார்க்கும் கண் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதை மட்டும்தான். அந்தக் கண்ணுக்கு அந்த மாடுகள் என்ன பெறும் என்று தெரிந்தபிறகு, மனதில் வைத்திருந்த விலை வாயில் வரவில்லை. வேறு விலை சொன்னேன்.

அக்கா என்னையே பார்த்தார். "இது அவருக்காக இல்லக்கா" என்றேன். "தெரியும்" என்றார்.

ஐம்பத்திரண்டு ஜோடி. கன்றோடு சேர்த்து ஜோடிக்கு எழுநூற்றைம்பது டாலர், பொறுக்கி எடுப்பது கிடையாது, லாரி வாடகை என்னுடையது, மாடு ஏறுவதற்கு முன்னால் முழுப் பணமும் அக்காவின் கையில். இந்த முறை எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.