மை வைக்காத இடம்

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷமாகத் துணி வெட்டுகிறார். சட்டை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மாஸ்டர்தான். நானும் அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தையல் பிசகிய சட்டையைத் திருப்பி அனுப்புகிற வேலை. கோபம் வந்தால் நானும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். போன ஐந்து வாரமாக வேறு எப்படியும் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

அவர் வெட்டுகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். நீள மேஜையில் எண்பது துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்திருப்பார்கள். மனுஷர் சாக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு மூன்று தடவை சுற்றி வருவார். ஓரத்தை இழுத்துப் பார்ப்பார், விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்து நடுவைத் தடவிப் பார்ப்பார். யோசனை எல்லாம் கோடு போடுகிற வரைக்கும்தான். போட்டுவிட்டால் முதலாளியே வந்து கெஞ்சினாலும் ஒரு நூல்கூட நகர்த்த மாட்டார். கத்தி ஓடியே ஆக வேண்டும்.

இரண்டு மாதமாக அவருக்கு மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. என்னிடம் மூச்சு விடவில்லை. நான் கண்டுபிடித்துச் சண்டை போட்டு இழுத்துக்கொண்டு போனேன். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், உள்ளே ஒரு சின்னக் கட்டி இருந்தது என்று அங்கேயே எடுத்துவிட்டார். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்.

"ஆரம்பத்துலயே பிடிச்சாச்சும்மா, பயப்படாதீங்க" என்றார் கேமரா டாக்டர். "ஆனா கட்டியோட அடியில ரத்தக்குழாய் வரைக்கும் போயிருக்கு. கட்டி இருந்த இடத்துக் குடலைக் கொஞ்சம் வெட்டி எடுத்துடறது நல்லது. ஒரு சர்ஜனைப் பாருங்க."

ஒரு சர்ஜனைப் பாருங்கள் என்றுதான் சொன்னார். மாஸ்டர் ஊரில் உள்ள சர்ஜன்களை எல்லாம் பார்க்கக் கிளம்பினார்.

என் கொழுந்தன், அதாவது அவருடைய தம்பி, உடனே மூக்கை நுழைத்தான். "அண்ணி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. சின்ன இடத்துல கை வைக்க விடாதீங்க." பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். அங்கிருந்த சர்ஜன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் நான்கு நிமிஷம் பேசினார். வியாழக்கிழமை வந்து படுத்துவிடுங்கள் என்றார்.

"எங்க வெட்டுவீங்க சார்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "எத்தனை அங்குலம்?"

"அதெல்லாம் உள்ள போய்ப் பார்த்தாதான் தெரியும்."

இவர் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். வெட்டுகிற இடம் தெரியாதவனிடம் குடலைக் கொடுக்க முடியாது என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

இரண்டாவது சர்ஜன் அதற்கு நேர் எதிர். நிதானமாகப் பேசினார். கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, வெட்டாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு வழிதான், ரிஸ்க் இருக்கிறது, ஆனால் முடிவு உங்களுடையது என்றார். மாஸ்டர் முகத்தில் பல்ப் எரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க கூடப்பிறந்த அண்ணனுக்கா இருந்தா என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டேன். அதற்கும் முடிவு உங்களுடையது என்றே சொன்னார். முடிவெடுக்கத் தெரியாமல்தானே ஐயா உங்களிடம் வந்தோம்.

வீட்டில் தினம் இதே பாட்டுதான்.

"அவசரப்படாதே. வெட்டினா வெட்டினதுதான், ஒட்ட வைக்க முடியாது."

"உள்ள மிச்சம் இருந்து பரவினா?"

"அதான் எடுத்தாச்சே."

"எடுத்தவரே வெட்டச் சொல்றாரே."

கரடியாய்க் கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல வேலைக்குக் கிளம்பினார். எண்பது துணியை ஒரே வெட்டில் வெட்டுகிற மனுஷருக்குத் தன் விஷயத்தில் முடிவெடுக்க வரவில்லை. ஐந்து வாரம் ஓடிவிட்டது.

கடைசியில் என்னோடு செக்கிங்கில் இருக்கிற ஒருத்தி சொல்லி, குடல் ஆபரேஷன் மட்டுமே செய்கிற ஒரு பெண் டாக்டரிடம் போனோம். இவர் வழக்கம்போல எங்கே வெட்டுவீர்கள் என்று ஆரம்பித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"சரியான கேள்வி. அதைத்தான் நானும் தேடிட்டிருக்கேன்" என்று ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "கட்டி எடுத்த இடத்துல மை வச்சு அடையாளம் போட்டிருக்கணுமே. போடலியா?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார். கட்டியை எடுத்த புண் சில வாரத்தில் ஆறிப் பக்கத்துச் சதை போலவே ஆகிவிடும். அதனால் ஊசியால் மை வைப்பார்கள், அது அழியாது, ஆபரேஷனில் குடலின் வெளியிலிருந்தே தெரியும். "இடம் தெரியலைன்னா உத்தேசமா நிறைய வெட்டணும். ரொம்பக் கீழ வரைக்கும் போக வேண்டி வந்தா, கொஞ்ச மாசம் மலம் போக வயித்துல பை வைக்க வேண்டியிருக்கலாம். ஏற்கெனவே அஞ்சு வாரம். உடனே திரும்பவும் கேமரா விட்டுத் தேடணும்."

வயிற்றில் பை. அந்த வயிற்றை மேஜையில் அழுத்தித்தான் அவர் குனிகிறார்.

வெளியே வந்ததும் கேமரா டாக்டரின் கிளினிக்குக்கு போன் போட்டேன். பிசகிய சட்டையை அனுப்பினவளிடம்கூட நான் அப்படிப் பேசியதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். எதிர்முனைப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, இருங்கம்மா என்று எதையோ திறந்து படித்தாள். "ரிப்போர்ட் வந்த மறுநாளும் அடுத்த வாரமும் கூப்பிட்டிருக்கோம். ஒரு தடவை வந்துட்டுப் போங்க, மை வச்சு அனுப்பறோம்னு சொல்லியிருக்கோம். ரெண்டு தடவையும் சாரே வேண்டாம்னுட்டார்."

போனை அணைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் வராந்தா பெஞ்சில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களைக் கூப்பிட்டாங்களா மாஸ்டர்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"வேண்டாம்னு சொன்னீங்களா? பார்க்கிற டாக்டரை எல்லாம் எங்க வெட்டுவீங்கன்னு நிக்க வச்சுக் கேட்டுட்டு, அடையாளம் போடக் கூப்பிட்டா வேண்டாம்னீங்களா? ஏன்?"

"கோடு போட்டா வெட்டியே ஆகணுமே" என்றார். "போடாத வரைக்கும் துணி முழுசா இருக்குல்ல."

கையில் எது இருந்தாலும் எறிந்திருப்பேன், போன்தான் இருந்தது. நீங்கள் துணியா, அந்த மை வெட்டுகிறவருக்கு வழி காட்டத்தானே, அதை வைத்ததற்காக வெட்டியே ஆக வேண்டுமா என்று அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பயமா இருந்துச்சு" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கோபம் அடங்கவில்லை, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் கேமரா விட்டார்கள். இருபது நிமிஷம் என்று சொன்னது ஒரு மணி நேரமானது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா டாக்டர் வெளியே வந்து முதலில் தண்ணீர் குடித்தார்.

"கிடைச்சிடுச்சும்மா. ஒரு மடிப்புக்குள்ள லேசா வெள்ளையா ஒரு தழும்பு. இன்னும் பத்து நாள் போயிருந்தா நானே கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். மை வச்சாச்சு."

பெண் டாக்டர் கேமராவில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, பை தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன், உறுதியாக வயிற்றைத் திறந்த பிறகுதான் சொல்வேன் என்றார். மறைக்காமல் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆபரேஷனை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று இருந்தேன்.

இவர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினார். இளஞ்சிவப்புச் சதையில் மூன்று கறுப்புப் புள்ளிகள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"நேர்கோட்டுல இல்லையே" என்றார்.

"மாஸ்டர்" என்று பல்லைக் கடித்தேன்.

அவர் படத்தைத் திருப்பி டாக்டரின் மேஜைமேல் வைத்தார். "கோடு போட்டாச்சு மேடம். இனிமே யோசிக்க எனக்கு உரிமை இல்லை. தேதி சொல்லுங்க."

திங்கட்கிழமை என்றார் டாக்டர். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், துணியை இழுத்துப் பார்ப்பது போலக் காகிதத்தின் ஓரத்தை இழுத்துப் பார்த்தார். அது நகராமல் இருக்க மறு ஓரத்தை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.