மழை வராத நாளில் ரஹ்மத் டீச்சர்

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ரஹ்மத் டீச்சரின் மகள். "டீச்சர், உம்மா காலையில மௌத்தாயிட்டாங்க. தொழுதுட்டு உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றாள். ஈரத் தலையோடு வடகரைக்குப் பஸ் ஏறினேன். வீட்டின் முன்னால் அவருடைய பழைய மாணவர்கள் திரண்டிருந்தார்கள். இரண்டு பேர் போலீஸ் உடையில் விம்மிக்கொண்டிருந்தார்கள். யாரோ டீச்சரின் பழைய கிண்டல் ஒன்றைச் சொல்ல, அழுத முகங்களெல்லாம் சிரித்துவிட்டன. அந்த வீட்டில் அப்படித்தான் நடக்கும்.

அவர் அறிவியல் ஆசிரியை, நான் தமிழ். ஒரே பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். அவரிடம் படித்த உங்களில் பலருக்கு அவருடைய வானிலை அறிக்கை நினைவிருக்கும். காலை வழிபாடு நடக்கும்போதே மலையைப் பார்ப்பார். "காத்து மாறிட்டு. பிள்ளைகளை உள்ள அனுப்புங்க, சாரல் வருது" என்பார். தலைமையாசிரியரும் மறுபேச்சின்றி மணியடிக்கச் சொல்வார். பெரும்பாலும் சாரல் வந்துவிடும். வராத நாட்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பள்ளி ஆசிரியர்கள் பதினோரு பேர் வியட்நாம் போனோம். மீகாங் ஆறு கிளைகிளையாகப் பிரிந்து ஓடும் பகுதியில் இரண்டு நாள். இரு கரையிலும் நெல், தென்னை, வாழை. படகில் நின்றபடியே டீச்சர் சொன்னார்: "அப்படியே நம்ம வடகரை. என்ன, அங்க வீட்டு வாசல்ல பைக் நிக்கும், இங்கன படகுல்லா நிக்கு!"

முதல் நாள் மதியம் லான் என்ற பெண்ணின் வீட்டுக்கு வழிகாட்டி எங்களை அழைத்துப் போனான். அரிசித்தாள் செய்வது அவள் தொழில். கொதிக்கும் பானையின் வாயில் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் அரிசி மாவை மெல்லிசாக ஊற்றி, ஆவியில் வெந்ததும் எடுத்து மூங்கில் தட்டிகளில் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்த தாளில் கீரையும் மீனும் வைத்துச் சுருட்டிச் சாப்பிடுவார்களாம். முற்றம் முழுக்கத் தட்டிகள். லானும் வழிகாட்டியும் படகுத்துறைக்குப் போன நேரம், ஒரு கருமேகம் வந்தது. குளிர்ந்த காற்று ஒன்று வீசியது.

"எல்லாரும் ஆளுக்கொரு தட்டி எடுங்க! இன்னும் அஞ்சு நிமிஷத்துல விழுந்துரும்!"

அந்தக் குரலுக்கு நாங்கள் பழகியவர்கள். ஓடி ஓடித் தட்டிகளைத் தூக்கிக் கொட்டகைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். மூச்சு வாங்க வெளியே வந்து பார்த்தால், மேகம் போய்விட்டது. சுள்ளென்று வெயில்.

லான் திரும்பி வந்து மேல்தட்டியைத் தூக்கினாள். அரைகுறையாகக் காய்ந்த தாள்கள் தட்டிகளில் ஒட்டிக்கொண்டு கிழிந்தன. அவள் கிழிந்தவற்றை உரித்தெடுக்கத் தொடங்கினாள். அத்தனையும் மறுநாள் பிற்பகல் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியவை என்று வழிகாட்டி எங்களிடம் மெதுவாகச் சொன்னான். "பரவாயில்லை, நான் பேசிக்கொள்கிறேன். படகில் ஏறுங்கள்" என்றும் சொன்னான்.

டீச்சரின் முகம் சுருங்கிவிட்டது. "நான் வரல. தட்டியை எடுக்கச் சொன்னது நான். இந்தப் பிள்ளை ஒத்தையில எப்படி இத்தனையும் திரும்பச் செய்வா?" என்றார்.

லான் வீட்டில் விருந்தினர் தங்கும் அறை ஒன்று இருந்தது. டீச்சரைத் தனியே விட மனமில்லாமல் நானும் தங்கினேன் என்று எழுத ஆசை. உண்மை அதுவல்ல. எங்கள் இருவருக்கும் ஒரே பெட்டி, சாவி அவரிடம். மறுநாள் காலை மற்றவர்கள் மிதக்கும் சந்தை பார்க்கப் போகிறார்களே என்று எனக்கு ஒரே கோபம்.

அன்று மாலையும் மறுநாள் விடியலிலும் வேலை. டீச்சர் அடுப்பில் உமி போட்டார், நான் தட்டி சுமந்தேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் அவர் கரண்டிக்குக் கை நீட்டினார். "நாப்பது வருஷமா தோசை ஊத்துத கை இது." முதல் தாள் அடை மாதிரி வந்தது. இரண்டாவது நடுவில் ஓட்டை. மூன்றாவது மடங்கி, கொழுக்கட்டை ஆகிவிட்டது. முந்தின நாளிலிருந்து இறுகிக் கிடந்த லான், அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து, எப்படிச் சுழற்ற வேண்டும் என்று காட்டினாள். ஏழாவது தாள் தாளாகவே வந்தது.

மதியம் கடந்து சரக்கு படகேறியது. டீச்சர் ஊற்றிய தடித்த தாள்களை மட்டும் லான் தனியே வைத்திருந்து, தணலில் சுட்டு எங்களுக்கும் தன் வீட்டாருக்கும் கொடுத்தாள். "கல்யாண வீட்டுக்காரங்களுக்குக் கொடுத்து வைக்கல" என்று டீச்சர் இரண்டு சாப்பிட்டார். விடைபெறும்போது லான் வானத்தைச் சுட்டி, தட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல் நடித்துக் காட்டினாள். அதிகம் சிரித்தது டீச்சர்தான்.

திரும்பும் படகில் என் கோபத்தைக் கொட்டிவிட்டேன். "ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்திருக்கலாம்லா டீச்சர்?"

"கேட்டேனே. ஆனா கிழிஞ்ச தாளுக்கு அது மட்டும் காணாதுல்லா" என்றார்.

போன வாரம் ஓய்வூதிய வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நுழைந்தாள் என்று ஒரு பெண்ணைச் சத்தம் போட்டுவிட்டேன். அவள் முன்பே நின்றவள், தண்ணீர் குடிக்கப் போய் வந்திருக்கிறாள். வரிசையில் நின்ற ஒருவர் வெளியே வந்து சொல்லி அது தெரிந்தபோது, என் வேலை முடிந்து ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். முன்பென்றால் அப்படியே வீட்டுக்குப் போயிருப்பேன். இறங்கித் திரும்பிப் போனேன். ரஹ்மத் டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்து, இன்னும் என்னிடம் இருப்பது இந்தத் திரும்பிப் போவதுதான்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"அது கெடக்கட்டும். கண்ணாடியை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். இந்த ஃபாரத்தை எழுதித் தாரீங்களா?" என்று பேனாவை நீட்டினாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். முதல் ஃபாரத்தில் அவள் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன். இன்னொன்று வாங்கி வந்தேன்.