குட்டைக் கம்பமும் ஒரு புரொட்டெஸ்டும்

கட்டிப்பால் நாற்றத்தை முகர்ந்திராதவர்களுக்கு அதை விளக்குவது வீண்வேலை, ஆனாலும் விளக்குகிறேன். கோலா கங்சாருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துப் பந்துத் திடலில், ஒரு பக்கக் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால்தான் பால் கொட்டகை இருந்தது. மரத்தில் கட்டிய மங்குகளிலேயே உறைந்துபோன ரப்பர் பாலைச் சுரண்டி வந்து அங்கே குவித்து வைப்பார்கள். ஒரு மழையும் ஒரு வெயிலும் பட்டால் போதும், செத்த எலியைப் புளித்த மோரில் ஊறவைத்ததுபோல மணக்கும். வெளியூர்க் கோல்கீப்பர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த வாசத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கோ அது ஒரு பெருமை. பெருமைப்பட எங்களிடம் வேறு எதுவும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஏனென்றால் எங்கள் அணி பந்தைக் காலால் உதைத்து ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. ஜெயித்ததெல்லாம் "புரொட்டெஸ்ட்" போட்டுத்தான்.

அகராதியைத் திறந்தால் இந்த ஆங்கிலச் சொல்லுக்கு எதிர்ப்பு, மறுப்பு, ஆட்சேபம் என்று கண்ணியமான பொருள்களாக அடுக்கியிருப்பார்கள். கொடி பிடிப்பதும் கோஷம் போடுவதும் ஒருவர் மனச்சாட்சிக்குப் பயந்து எழுந்து நிற்பதும் நினைவுக்கு வரும். எங்கள் தோட்டத்தில் அதற்கு இருந்தது ஒரே பொருள். தோற்கப் போகிறவன், ஆட்டம் முடிவதற்குள், பத்து வெள்ளி வைப்புப் பணத்தோடு போட்டிக் குழுவிடம் நீட்டும் ஆங்கிலக் கடிதம். புகார் சரியென்றால் ஆட்டம் செல்லாது, குற்றம் எதிரணியுடையதென்றால் வெற்றியே நமக்கு, வெள்ளியும் திரும்பி வரும். தவறென்றால் வெள்ளியைக் குழு ஏப்பம் விட்டுவிடும். இதில் மனச்சாட்சிக்கு வேலையே இல்லை. பயிருக்கு உரம் போடுவதுபோல, தேர்தலில் ஓட்டுப் போடுவதுபோல, புரொட்டெஸ்டும் "போடுகிற" ஒன்று, அவ்வளவுதான்.

திடலோடு அது நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்தால் ஒருத்தி மற்றவளைப் பார்த்து "முடிஞ்சா புரொட்டெஸ்ட் போடுடி" என்பாள். மூன்றாம் நாளாகச் சுடவைத்த கருவாட்டுக் குழம்பைப் பார்த்து நான் முகம் சுளித்தால் அம்மா கரண்டியை நிறுத்தாமலே கேட்பார்: "என்னா, புரொட்டெஸ்டா? பத்து வெள்ளிய வச்சிட்டுப் பேசு." என்னிடம் பத்துக் காசுகூட இருக்காது. எதிர்ப்பு என்பது கையில் காசுள்ளவன் கொள்ளும் கருத்து என்ற ஞானம் எனக்கு அந்தக் குழம்போடு சேர்ந்து இறங்கியது.

இந்தப் பெரிய கலையில் எங்கள் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் ஒருநாளும் பூட்ஸ் மாட்டியதில்லை. அவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கனகரத்தினம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்று எழுத, ஒன்று எழுதத் தெரிந்தவர் என்று காட்ட. எதிரணிக்காரன் முதுகில் எண் உரிந்து தொங்குகிறது, பந்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது, கோட்டோரம் கொடி பிடிப்பவர் எதிரணித் தலைவனுக்கு மைத்துனர் என்று அவர் கண்டுபிடிக்காத குற்றமில்லை. அவர் எழுதும் ஆங்கிலத்தைப் படிக்கத் தெரிந்தவன் எங்களில் ஒருவனும் இல்லை. அதனாலேயே அதைப் பயபக்தியோடு மதித்தோம். அவர் போட்ட புரொட்டெஸ்ட் ஒன்றுகூடத் தோற்றதில்லை. பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் முகத்தில் அத்தனை வெளிச்சம் வராது.

இந்த அசிங்கத்தை வெளிப்படையாக வெறுத்த ஒரே ஆள் என் அண்ணன் செல்வம். எங்கள் அணியில் பந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். நான் சொல்கிற அந்த ஆண்டில் அவருக்கு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. தோட்டங்களுக்கிடையிலான கிண்ணப் போட்டியின் இறுதியாட்டம் முடிந்த மறுநாள் பெட்டியோடு கிளம்பவேண்டும். முதல்நாள் பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஒரே ஒரு தடவ கால்ல ஜெயிச்சிட்டுப் போயிறணும்டா. பேனாவுல ஜெயிச்சு ஜெயிச்சு மானமே போச்சு." மாற்று ஆட்டக்காரன் என்ற பெயரில் தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டிருந்த நான் மிகுந்த அனுபவசாலிபோலத் தலையாட்டினேன்.

இறுதியாட்டம் எங்கள் திடலிலேயே, பீடோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு எதிராக நடந்தது. முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளை விசில் ஊதியதும் அண்ணன் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசிக்கொண்டிருந்தபோதே கிராணியார் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

அவர் கைவசம் ஓர் இருப்பு இருந்தது. பால் கொட்டகைப் பக்கத்துக் கோல் கம்பங்களின் அடியைக் கறையான் அரித்திருந்ததால், எப்போதோ அடியை வெட்டிவிட்டு மிச்சத்தை நட்டிருந்தார்கள்; அதனால் மேல்கட்டை அரை அடி தாழ்ந்திருந்தது. நட்டவர்கள் நாங்கள், மறைத்தவர்கள் நாங்கள், இத்தனை வருஷமும் அதில் ஆடியவர்களும் நாங்கள். அந்தக் கம்பம் சட்டப்படியான உயரத்தில் இல்லை, ஆகவே ஆட்டம் செல்லாது என்று எங்கள் திடலை எதிர்த்து எங்கள் கிராணியே எழுதி, பத்து வெள்ளியையும் வைத்து நீட்டினார். நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், உலகத்தில் வேறு எந்த ஜாதிக்கு இந்த மூளை வரும்?

இரண்டாம் பாதியில் நடக்கக்கூடாதது நடந்தது. பக்கம் மாறியதால் அதே குட்டைக் கம்பத்தை நோக்கி ஆடிய அண்ணன் ஒரு கோல் போட்டார். பிறகு, ஆட்டம் முடியும் தறுவாயில், மூலையிலிருந்து வந்த பந்தை எம்பித் தலையால் இடித்தார். தாழ்ந்திருந்த மேல்கட்டைக்கும் கோல்கீப்பரின் கைக்கும் நடுவே ஒரு தேங்காய் நுழையும் இடைவெளிதான் இருந்திருக்கும்; பந்து அதற்குள் போய் விழுந்தது. நான் வாளித் தண்ணீரை என் தலையிலேயே கொட்டிக்கொண்டு ஆடினேன். எங்கள் தோட்டம் முதன்முதலாகக் காலால் ஜெயித்திருந்தது.

ஆனால் கடிதம் குழுவின் கையில் இருந்தது.

அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார்: "ஐயா, நாங்க ஜெயிச்சிட்டோம்லா. அந்தத் தாள வாங்கிக் கிழிச்சிப் போட்டுருங்க."

"குடுத்ததைத் திருப்பி வாங்கிறதோ? பிறகு ஆர் தம்பி என்ர எழுத்தை மதிப்பான்?" என்றார் கிராணியார்.

விசாரணை எங்கள் பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. போட்டிக் குழுவினர் மூன்று பேரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தோட்டமே சன்னலில் தொங்கியது. குழுத் தலைவர் ஈப்போவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார், நல்ல மனிதர். அவரே வழியைத் திறந்துவிட்டார். "கிராணி, உங்க ஆளுங்க ஜெயிச்சிட்டாங்க. நான் எழுதுனது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பத்து வெள்ளி போவும், கப்பு வரும். எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

பீடோர் அணித் தலைவன் குழப்பத்தோடு எங்கள் அண்ணனிடம் மெல்லக் கேட்டான்: "அண்ணே, இவரு யாரு பக்கம்?"

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சன்னலில் எங்கள் முகங்களைப் பார்த்தார், அண்ணனின் முகத்தையும் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை. மனைவியிடம் தினமும் மூன்று தடவை நான் சொல்கிற வார்த்தை அது. அவருக்கு வரவில்லை. "நான் எழுதினது பிழையெண்டு என்ர வாயாலயே சொல்லச் சொல்லுறியளோ?" என்று கேட்டுவிட்டு, கால்சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

எல்லாரும் அவர் பின்னால் கம்பத்துக்குப் போனார்கள். நாடாவின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். அரை அடி குறைந்தது. புரொட்டெஸ்ட் செல்லும், ஆட்டம் செல்லாது என்று வாத்தியார் வேறு யாருக்கோ சொல்வதுபோலத் தீர்ப்புச் சொன்னார். கிராணியார் திரும்பி வந்த பத்து வெள்ளித் தாளை உயர்த்திப் பிடித்து எங்களைப் பார்த்து, "வெண்டிட்டம்" என்று வெற்றியை அறிவித்தார். பீடோர்க்காரர்கள் மட்டும் கைதட்டினார்கள், விசிலும் அடித்தார்கள்.

"அப்ப என் கோலு?" என்று கேட்டார் அண்ணன்.

"ஆட்டமே நடக்கேல்லைத் தம்பி. நடக்காத ஆட்டத்தில கோல் எப்பிடி?"

அண்ணன் பால் கொட்டகைக்குப் பின்னால் போய், வெளியூர்க்காரன் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாத அந்த நாற்றத்தில், இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஜெலாப்பாங் போய்விட்டார்.

மறு ஆட்டத்தைப் பீடோரில் ஒரு வேலைநாளில் வைத்தார்கள். புது வேலையில் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆள் குறைந்ததால் வாளியைக் கீழே வைக்கச் சொல்லி என்னை இறக்கினார்கள். பந்தைத் தடுக்கிறேன் என்று நான் நீட்டிய காலில் பட்டு அது எங்கள் கோலுக்குள்ளேயே, எங்கள் கோல்கீப்பரே வியக்கும் வேகத்தில் புகுந்தது. அதன்பிறகு விழுந்தவற்றை எண்ணும் துணிவு எவருக்கும் இல்லை. கிராணியார் அன்று பேனாவைத் திறக்கவே இல்லை. பீடோர்க்காரர்களின் கம்பம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்ததாம்.

இப்போது அந்தத் திடலில் எண்ணெய்க்காக நட்ட செம்பனை நிற்கிறது. பால் கொட்டகை இல்லை, லயங்கள் இல்லை, கிராணியாரும் காலமாகிவிட்டார். கட்டிப்பால் வாசம் எங்காவது அடிக்காதா என்று கார்க் கண்ணாடியை இறக்கிப் பார்த்திருக்கிறேன். லாரிப் புகைதான் வருகிறது. நான் குடியிருக்கும் ஈப்போ வீடமைப்புப் பகுதியின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் பசியாறுவதற்குள் நாலு புரொட்டெஸ்ட் வந்துவிடுகின்றன. வைப்புப் பணம் என்ற ஒன்று ஒழிந்துபோனதில் ஆளாளுக்குக் கிராணியாகிவிட்டார்கள். போன மாதம் யாரோ டுரியான் பழத் தோலைக் கால்வாயில் வீசியதை எதிர்த்து நானும் முழ நீளத்துக்கு எழுதினேன். வீசியது என் மனைவிதான் என்று மாலையில் தெரிந்தது. எழுதியதை அழிக்க ஒரு விரல் போதும். அழிக்கவில்லை. முப்பது பேர் பெருவிரல் காட்டியிருந்தார்கள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். முழங்கால் போய்விட்டது, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பந்துப் பயிற்சிக்குப் போகத் தொடங்கியிருக்கும் அந்தப் பயல் போன வாரம் கேட்டான், தாத்தா இறுதியாட்டத்தில் எப்போதாவது கோல் போட்டதுண்டா என்று. சொல்லுங்கள் அண்ணே என்று நான் உந்தினேன். அவர் தேத்தண்ணீரை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"நான் இல்லய்யா," என்று என்னைக் கை காட்டினார். "சின்னத் தாத்தாவக் கேளு. அவரு போட்ட கோலுதான் கணக்குல இருக்கு."