உள்ளே போகும், திரும்பாது

கடைத்தெரு முனையில் சாவி போட்டுக் கொடுப்பவருக்குச் சொல்பொறுக்கி என்று பெயர். 'சாவி' என்பதே கப்பலில் வந்த போர்த்துகீசியச் சொல் என்று இளவயதில் யாரோ சொல்லப்போய், அன்று பிடித்த கிறுக்கு. கொத்தனாரோ மீன்காரியோ, கடைக்கு யார் வந்தாலும், "உங்க வேலையில மட்டும் புழங்குற வார்த்தை ஒண்ணு சொல்லிட்டுப் போங்க" என்று பிடித்துக்கொள்வார்.

பொறுக்கியதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கொட்டுவார். எதிரே சகலை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் வானொலியில் சொற்களின் கதை பேசுகிறவன். திங்கட்கிழமை அத்தனையும் அவனுடைய ஆராய்ச்சியாகிவிடும். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள்தான். அவனுக்குக் குரல் வாய்த்துவிட்டது.

அதையும் பொறுத்தார். ஒருநாள் அவருடைய மகளே, "அப்பா, சாவிங்கிறது போர்த்துகீசியச் சொல்லாம். சித்தப்பா கண்டுபிடிச்சிருக்காரு" என்றாள். குழந்தையில் அவளை மடியில் வைத்து அவர் சொன்ன கதை அது. இவனை விடக்கூடாது என்று கறுவிக்கொண்டார்.

அவர் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. அடுத்தவன் வீட்டுச் சாவிக்கு எவனாவது திருட்டு முழியோடு நகல் கேட்டால் சண்டை போடமாட்டார். அச்சு அசலாக வெட்டி, ஒரே ஒரு பல்லை மட்டும் உயர விட்டுக் கொடுப்பார். உள்ளே போகும், திரும்பாது. அப்படி ஒரு சொல்லை வெட்டினார்: பிசுளி. சட்டைப்பையின் அடியில் உருண்டு கிடக்கும் பஞ்சுத் தூசி. "பழைய தையல்காரங்க சொல்லு" என்று ஞாயிறன்று சோற்றோடு பரிமாறினார். சகலை இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டான்.

மறுநாள் வானொலியில் பிசுளி வந்தது. நேயர்கள் பேசும் நேரத்தில், தொண்டை கட்டியவர் மாதிரி இவரும் கூப்பிட்டார்.

"ஐயா, இந்தச் சொல் உங்களுக்கு எங்க கிடைச்சது?"

"எங்க தாத்தா தையல்காரர். அவர் வாயால கேட்டது."

இவர் சொந்தக் குரலுக்கு வந்தார். "உங்க தாத்தா மாட்டுத் தரகரு, தம்பி. பிசுளி என் கடையில நான் செஞ்சது. நேத்துச் சாப்பாட்டுல உனக்குப் போட்டேன்."

சட்டென்று பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் மைத்துனி வந்து அழுதாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கோ துளிகூட உறுத்தவில்லை. பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

துவைக்க எடுத்த சட்டையின் பையைக் கவிழ்த்து, மகள் உள்ளங்கையை நீட்டினாள். "இந்தாங்கப்பா, உங்க பிசுளி."

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.