சைக்கிள்கடை ஓம்

எங்கள் அப்பா எதற்கும் சத்தியம் பண்ணமாட்டார். கல்முனைக் கடைவீதியில் முஸ்லிம்கள் 'வல்லாஹி' என்பார்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் 'அம்மாளாணை' என்பார்கள். ஒரு டயர் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கே இவ்வளவும். சைக்கிள்கடை வைத்திருந்த அப்பா மட்டும் 'ஓம்' என்பார், அல்லது 'இல்லை' என்பார். அதற்கு மேல் வேண்டாமென்று ஆண்டவர் இயேசு சொல்லியிருக்கிறாராம். மற்றப்படி எல்லோரையும் போன்ற மனிதர்தான்.

சித்தப்பா நேர் எதிர். என் தலையில் கைவைத்தே எத்தனையோ தடவை பொய்ச்சத்தியம் பண்ணியிருக்கிறார். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

சித்தப்பாவுக்குக் கட்டார் போக விசா வந்திருந்த நேரம் அது. அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர், எங்கள் தெருவிலிருந்த முஸ்லிம் நெசவுக்கார மாமாவை இடித்துவிட்டார். அப்பா அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார். மாமாவின் கால் முறிந்தது. தறி மிதிக்கிற கால்.

மாமா சடாரென்று குறுக்கே வந்ததாகச் சித்தப்பா சொன்னார். சித்தப்பா போனைப் பார்த்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடியதாக மாமா வீட்டார் சொன்னார்கள். பிழை சித்தப்பாவுடையது என்றால் பொலிசில் முறைப்பாடு. முறைப்பாடு என்றால் கட்டார் இல்லை. பார்த்த ஒரே ஆள் அப்பா. அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கலாமென்று, தெருவுக்குப் பெரியவரான ஹாஜியார் வீட்டுக்கு இரண்டு பக்கத்தையும் வரச்சொன்னார்கள்.

புறப்படும்போது சித்தப்பா வாசலில் மறித்துக்கொண்டார்.

"அண்ணன், நீங்கதான் சத்தியம் பண்ணமாட்டீங்களே. அப்ப சும்மா 'இல்ல' எண்டு சொன்னா அது பொய்ச்சத்தியம் ஆகாதுதானே?"

அடேயப்பா, என்ன மூளை என்றிருந்தது எனக்கு. அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா சேட்டை மாட்டிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாவது அப்பாவுக்குத் தம்பிமேல் மனமிரங்கட்டுமென்று அம்மா என்னையும் கூட அனுப்பினார்.

ஹாஜியார் வீட்டு ஹோலில் மாமா கட்டுப்போட்ட காலை நீட்டியபடி இருந்தார். எல்லோருக்கும் பிளேன்டீ வந்தது. அப்பா குடிக்கவில்லை.

"தம்பி, உங்கட வேதத்துல கைய வெச்சுச் சொல்லுங்க. இவர் போனப் பாத்துக்கிட்டா ஓடினாரு?" என்று ஹாஜியார் கேட்டார்.

"சத்தியம் பண்ணமாட்டன் ஹாஜியார்."

"பாத்தீங்களா, தம்பிக்காக மறைக்காரு!" என்று மாமாவின் மனைவி அழத் தொடங்கினார். சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஓம்" என்றார் அப்பா.

"என்ன ஓம்?"

"போனப் பாத்துக்கிட்டுத்தான் ஓடினவன். காக்காவில பிழையில்ல."

ஹாஜியார் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "இனிச் சத்தியம் தேவையில்ல" என்று சொல்லி எழுந்தார்.

சித்தப்பாவின் கட்டார் அன்றோடு போயிற்று. அக்கரைப்பற்றில் ஒரு கூட்டாளி வீட்டில் போய் இருந்துகொண்டார். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கும் வரவில்லை. அவருக்கென்று வைத்த கோப்பையை அம்மா அப்படியே எடுத்துப் போனார். எனக்கு அப்பாமேல்தான் கோபம்.

மாமா வீட்டிலிருந்து எப்படியோ அந்தக் கதை கடைவீதிக்குப் போயிற்று. யாராவது பெரிதாக ஆணையிடத் தொடங்கினால், "அதெல்லாம் விடுங்க காக்கா, இது சைக்கிள்கடை ஓமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்பா இப்போது இல்லை. கடையும் இல்லை. போன மாதம் மீன் வாங்கப் போனபோதுகூட ஒருவர் மற்றவரிடம் அப்படிக் கேட்டது என் காதில் விழுந்தது. கேட்டவருக்கு அப்பாவைத் தெரிந்திருக்க வயதில்லை. அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று ஹாஜியார் வீட்டிலிருந்து திரும்பும்போது அப்பா என்னைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றுவிட்டார். செயின் கழன்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். கழலவில்லை. நிமிர்ந்தால், அப்பா அழுதுகொண்டிருந்தார். சத்தியம்கூடப் பண்ணாமல், ஒரே சொல்லோடு லேசாகத் தப்பிவிட்ட மனிதர் எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.