நல்ல நேரத்தில் ஒரு பயாஸ் அப்டேட்

பூதப்பாண்டி கிருஷ்ணமணி நாள் பார்க்காமல் நகம்கூட வெட்ட மாட்டார். மகள் நந்தனா வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கணினியில், அதை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்வதற்கும் காலண்டரில் நல்ல நேரம் பார்த்துவிட்டார்.

"நடுவில கரண்டு போனா கம்ப்யூட்டரு பொறவு எழும்பாதுப்பா. யுபிஎஸ் வரட்டும்" என்றாள் அவள்.

"நல்ல நேரம் இருக்கும்போ யுபிஎஸ் எதுக்கு மக்ளே?"

தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, அவரே பொத்தானை அழுத்தினார். பாதியில் மின்சாரம் போயிற்று. அன்றைய மின்தடை அறிவிப்பு வந்திருந்த செய்தித்தாள் தேங்காய்க்கு அடியில்தான் விரிந்து கிடந்தது.

சாயங்காலம் மின்சாரம் வந்தது, கணினி எழும்பவில்லை.

"நாளைக்கு நான் எதுல வேலை பாப்பேன்?" என்று நந்தனா அழுதாள்.

கிருஷ்ணமணி ஆவேசமாகச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி வீசினார்.

"இது சரியில்லட்டி. வேற காலண்டரு வாங்கணும்."