வாரம் நானூறு கிலோமீட்டர்

எங்கள் மாப்பிள்ளையின் நாடி ஒருமுறை துடித்து மறுமுறை துடிப்பதற்குள் நான் ஒரு செம்பு தண்ணீரைக் குடித்து முடித்துவிடுவேன். சரி, கொஞ்சம் அளந்துவிட்டேன். ஒரு மிடறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விடிந்ததும் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து எண்ணிவிட்டு, "நாப்பத்திரண்டு, அத்தை" என்று கூடத்துக்கு வந்து அவர் அறிவிப்பதில் அளப்பு எதுவும் கிடையாது. பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும்படி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுப்பவர். பந்தயம், பரிசு ஒன்றும் கிடையாது. கடை திறப்பதற்குள் வாரத்துக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டியிருப்பார், அவ்வளவுதான். ஐம்பத்தொரு வயதில் அவர் மாடி ஏறினால் மூச்சு வாங்குவது படிக்கட்டுக்குத்தான்.

இருநூற்றைம்பது போதவில்லை. முந்நூறு ஆனது, நானூறு ஆனது. ஜலதோஷம் வந்து குடியேறியது. தட்டில் பாதி மிஞ்சியது. தூக்கம் போனது. காலையில் அறிவிக்கும் நாடி நாற்பத்திரண்டிலிருந்து ஐம்பத்து நான்குக்கு ஏறியது. நாமென்றால் படுத்துவிடுவோம். மாப்பிள்ளை வேறு கணக்குப் போட்டார்.

"பயிற்சி பத்தல. இன்னும் அம்பது சேத்தா சரியாயிடும்."

"உடம்பு கெஞ்சுதே, அது காதுல விழலையா?" என்றாள் என் மகள்.

"எதிர்க்காத்துல எதுவும் கேக்காது."

ஒரே வாரத்தில் மூன்று லென்ஸ்களின் ஓரம் அவர் கையில் சில்லு பெயர்ந்தது. அதைப் பார்த்த முதலாளி அவரை டாக்டரிடம் அழைத்துப்போனார்.

டாக்டர் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். நடுநடுவே தாளம் தப்புகிறதாம். "சைக்கிள் நல்லதுதான். அளவு மீறிப் போயிட்டீங்க. உடம்பு தேறுறதே ஓய்வுலதான், அதுக்கு நீங்க நேரமே குடுக்கல. மூணு மாசம், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மெதுவா. கேக்கலன்னா அப்புறம் சைக்கிளையே மறந்துட வேண்டியதுதான்."

மலைச்சாலையை மூச்சுத் திணறாமல் ஏறுகிற மனிதர், முதலாளியின் வண்டியில் வீடு வந்து இறங்கினார்.

டாக்டர் சொன்ன அளவில் ஓட்ட நேற்றுதான் முதல் நாள். நானும் மகளும் வாசலில் நின்றோம். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். சைக்கிளின் கைப்பிடி மீட்டரில் பத்தொன்பது புள்ளி எட்டு கிலோமீட்டர். எண் முழுதாகாவிட்டால் தெருவை இன்னொரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்குவது இந்தச் சைக்கிள் கூட்டத்தின் பிறவிக்குணம். இவர் ஒருநாளும் புள்ளி வைத்த எண்ணோடு வீட்டுக்குள் நுழைந்ததில்லை. ஒரு கால் மிதியிலேயே இருந்தது. கண் தெருமுனைக்குப் போயிற்று. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

காலைத் தரையில் ஊன்றி, மீட்டரைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அரைக் கிலோமீட்டரை அப்படியே விட்டுட்டு வந்துட்டாரே" என்றேன், நம்பமுடியாமல்.

"இருநூறு மீட்டர், அத்தை" என்றார் மாப்பிள்ளை, தெருமுனையைப் பார்த்தபடி செருப்பைத் தேடிக்கொண்டே.